மதகுச் சாவி யார் கையில்? வங்கக் கடலோரத்தில் காலநிலை நீதி

1970 நவம்பர் 12 இரவு வீசிய போலா புயலில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 1991 ஏப்ரல் 29 புயலில் சுமார் 1,38,000 பேர். 2007 நவம்பரில் சிட்ர் புயலில் சுமார் 3,400 பேர். 2009 மே 25-இல் வந்த அய்லாவில், வங்காளதேசத்தில் மட்டும் இருநூறுக்கும் குறைவு. இந்த வரிசையைக் காட்டித்தான் பேரிடர் மாநாடுகளில் வங்காளதேசத்தைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு தகும். 1972-இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டத்தின் தொண்டர்கள், எச்சரிக்கைக் கொடியும் கை ஒலிபெருக்கியுமாகக் கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைக் கிளப்பிப் புகலிடத்தில் சேர்க்கிறார்கள்.

ஆனால் அய்லாவின் கதை மே 25-ஓடு முடியவில்லை. குல்னா மாவட்டத்தின் டாகோப், கொய்ரா பகுதிகளிலும் சாத்கிரா மாவட்டத்தின் சியாம்நகர் பகுதியிலும் பல்லாயிரம் குடும்பங்கள் உடைந்த கரையின் மேலேயே குடிசை போட்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கிடந்தன. காற்று ஒரே நாளில் அடங்கியது. வந்த உப்புத் தண்ணீர் மட்டும் போகவில்லை. நாளுக்கு இரண்டு முறை ஓதம் என்னும் கடலேற்றம் வரும்போதெல்லாம் வயலுக்குள் புகுந்து புறப்பட்டது. சிட்ரைவிட வலுக்குறைந்த புயல் எப்படி இவ்வளவு நீண்ட நாசத்தை விட்டுப்போனது என்று கேட்டால், விடை வானிலையில் பாதிதான் கிடைக்கும். மீதி, அந்த நிலத்துக்கு அறுபது ஆண்டுகளாகச் செய்யப்பட்ட வேலைகளில் இருக்கிறது.

வங்க டெல்டா வண்டலால் ஆனது. ஓதத்தோடு வரும் கலங்கல் நீர் தேங்கும் இடத்தில் மண்ணை இறக்கிவிட்டுத் திரும்பும். மண் தன் எடையில் அழுந்தும். புது வண்டல் மேலே ஏறும். இப்படித்தான் நிலம் கடலுக்கு ஈடுகொடுத்து வந்தது. ஜமீன்தார் காலத்து விவசாயிகள் இதற்குத் தோதாக ‘அஷ்டமாசி’ கரை போட்டார்கள். ஆண்டில் எட்டு மாதம் உப்பைத் தடுக்கத் தாழ்வான மண்கரை. ஆற்றில் நன்னீர் பெருகும் மழைக்காலத்தில் அதை விட்டுவிடுவார்கள், வண்டல் உள்ளே வரும். 1950-இல் ஜமீன்தாரி ஒழிந்தபோது, ஆண்டுதோறும் ஆள் சேர்த்துக் கரை கட்டும் பொறுப்பும் யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று. 1960-களில் அமெரிக்க உதவிப் பணத்தோடு கடற்கரைக் கரைத் திட்டம் வந்தது. டச்சுக்காரர்களின் போல்டர் முறையில், தீவுகளையும் ஆற்றிடை நிலங்களையும் சுற்றி நிரந்தரக் கரை எழுப்பி, மதகு வைத்து, 139 போல்டர்கள் உருவாயின. கரைகளின் மொத்த நீளம் சுமார் 6,000 கிலோமீட்டர். உள்ளே அடைபட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஹெக்டேர். தொடக்கத்தில் விளைச்சல் பெருகியது உண்மை. கரையின் உயரமோ அன்றாட ஓதத்தைக் கணக்கில் கொண்டது; புயலோடு வரும் கடலெழுச்சியை அல்ல.

கரை போட்டதும் வண்டல் வயலுக்கு வருவது நின்றது. வர வேண்டிய மண் ஆற்றுப் படுகையில் படிந்தது. ஆறு மேடானது, வயல் பள்ளமானது. டாகோப்பில் உள்ள 32-ஆம் எண் போல்டரையும் ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுந்தரவனக் காட்டையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு, ஐம்பது ஆண்டுகளில் போல்டருக்குள் இருக்கும் நிலம் 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்துவிட்டதாகக் கணக்கிட்டது. கரை போடாத காடு கடல்மட்டத்தோடு சேர்ந்து உயர்ந்துகொண்டது. அய்லாவில் கரை உடைந்தபோது தண்ணீர் ஏன் வடியவில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் தேவையில்லை: உள்ளே இருந்தது கிண்ணம். ஒரு வேடிக்கையும் உண்டு. கரை அடைபடாமல் கிடந்த அந்த இரண்டு ஆண்டுகளில், 32-ஆம் போல்டரின் சில பகுதிகளில் பத்து பத்து சென்டிமீட்டர் கணக்கில் வண்டல் ஏறியிருந்தது.

இதற்குள் கடல்மட்ட உயர்வு எங்கே வருகிறது? வரத்தான் செய்கிறது. வங்காளதேசத்தில் ஒரு ஆள் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு ஒரு டன்னுக்கும் குறைவு. அமெரிக்காவில் 14 டன்னை ஒட்டி இருக்கிறது. கடலை உயர்த்தியவர்கள் வேறு, நனைகிறவர்கள் வேறு. ஆனால் அதோடு நிறுத்தினால் மற்றவர்கள் தப்பித்துவிடுவார்கள். கங்கையில் இந்தியா கட்டி 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா தடுப்பணையால் கோடையில் கங்கையின் கிளையான கொராய் ஆற்றுக்கு வரும் நன்னீர் குறைந்தது. உப்பு உள்நாட்டுக்கு ஏறியது. அதற்கான கங்கை நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்குப் போடப்பட்டது. கெடு 2026 டிசம்பர். டாக்காவில் அமைச்சர்களும் குல்னாவில் ஒப்பந்தக்காரர்களும் ‘காலநிலை மாற்றம்’ என்ற சொல்லை விரும்பக் காரணம் உண்டு: அதில் உள்ளூர்க் குற்றவாளி யாரும் இல்லை.

கரை உடையும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அது புயலால் மட்டும் உடைவதில்லை. மண்கரைக்கு நல்ல பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. மண்ணை அரையடி, முக்காலடி தடிப்பில் அடுக்கடுக்காகப் போட்டு, கட்டிகளை உடைத்து, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும். மேலே அறுகம்புல் பற்றைகளைப் பதித்து, முதல் மழைக்கு முன் அவை வேர்விட அவகாசம் தர வேண்டும். அங்கே நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது. பணம் இறங்கி, ஒப்பந்தப்புள்ளி முடிந்து, ஆட்கள் வந்து சேரும்போது ஏப்ரல், மே ஆகிவிடுகிறது. அவசரத்தில் கரையின் அடியிலேயே மண் வெட்டுகிறார்கள். அந்தப் பள்ளத்தில் நீர் நின்று அடிவாரம் இளகுகிறது. இறுக்காத மண்ணை மழை வாய்க்கால் வாய்க்காலாக அறுக்கிறது. எலி வளைகள் வேறு. ஆறு கரையைத் தின்று நெருங்கினால், பழைய கரைக்குப் பின்னால் இன்னொரு கரை போடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட வீடும் வயலும் ஆற்றுக்குப் போனதுதான்.

இவற்றோடு இறால். 1980-களில் ஏற்றுமதி விலையைப் பார்த்து, வெளியூர்ப் பணக்காரர்கள் போல்டருக்குள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்புத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். மதகு போதாத இடங்களில் கரையைத் துளைத்துக் குழாய் செருகினார்கள். குழாயைச் சுற்றியுள்ள மண் இறுகுவதில்லை, நீர் கசிந்து உள்ளே அரிக்கும். அய்லாவில் உடைந்த பல இடங்கள் இப்படித் துளைத்த இடங்கள்தான். நெல் வயல் ஏக்கருக்குப் பல நாள் கூலி வேலை தரும். இறால் குட்டைக்கு ஒன்றிரண்டு காவல்காரர் போதும். நடுவிலே மாட்டிய சிறு விவசாயி குத்தகைக்குத் தர மறுத்தாலும் பயனில்லை. பக்கத்து வயலின் உப்பு வரப்பைத் தாண்டி வந்துவிடும். அடுத்த ஆண்டு அவரே வந்து கையெழுத்துப் போடுவார்.

இதை எதிர்த்து நின்ற இடமும் இருக்கிறது. குல்னா மாவட்டத்தின் 22-ஆம் எண் போல்டரில் நிலமற்றோர் அமைப்பைச் சேர்ந்த கருணாமயி சர்தார், இறால் பண்ணைக்கு எதிரான ஊர்வலத்தில் 1990 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். அந்தப் போல்டருக்குள் அதன்பின் உப்பு விடப்படவில்லை. சுற்றிலும் இறால் குட்டைகள் இருக்க, உள்ளே நெல்லும் தர்பூசணியும் காய்கறியும் மாடுகளுமாக இருந்து வருகிறது. அதே கடல், அதே புயல், அதே மழை. மதகை யார் திறப்பது என்பது மட்டும் வேறு. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இது அந்நியச் செய்தி அல்ல. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தடையின் பல்லைப் பிடுங்கியது.

உப்பு ஏறிய நிலத்தில் முதலில் போவது நெல் என்று வெளியிலிருப்பவர்கள் நினைப்பார்கள். முதலில் போவது குடிநீர். டாகோப்பில் கர்ப்பிணிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு, கோடையில் குடிநீர் வழியாக மட்டும் ஒரு நாளைக்கு 5 முதல் 16 கிராம் சோடியம் உடலுக்குள் போவதாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் எல்லா உணவையும் சேர்த்தே 2 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. மழைக்காலத்தில் அந்த அளவு 0.6 முதல் 1.2 கிராமுக்கு இறங்கிவிடுகிறது. கர்ப்பகால ரத்த அழுத்தமும் கோடையில்தான் கூடுகிறது. ஆகவே நிதி தருவோர் எல்லோரும் வந்து நிற்கும் முதல் இடம் மழைநீர்த் தொட்டி. அது நல்ல யோசனைதான். ஆனால் அளவில் தவறினால் வீண்.

அங்கே பரவலாகக் கொடுக்கப்படுவது 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மழை நின்ற நவம்பர் முதல் மே வரை ஏழு மாதம், சுமார் 210 நாள். 2,000-ஐ 210-ஆல் வகுத்தால் நாளுக்கு ஒன்பதரை லிட்டர். ஐந்து பேர் வீட்டில் ஆளுக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவு. குடிக்கவே போதாது, உலை வைக்க ஒன்றும் மிஞ்சாது. ஆளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் என்றால், 25 லிட்டர் வீதம் 210 நாளுக்கு 5,250 லிட்டர் வேண்டும். மழை குறைவில்லை: ஆண்டு மழை 1,700 மில்லிமீட்டர் என்று வைத்தால், 20 சதுர மீட்டர் தகரக் கூரையில் 80 விழுக்காடு பிடித்தாலும் 27,000 லிட்டர் கிடைக்கும். குறைவது கொள்ளளவு. மழைக்காலம் முழுக்கத் தொட்டியைச் செலவழித்துவிட்டு, செப்டம்பர், அக்டோபர் மழையில் கடைசியாக நிரப்புவதாக வைத்துக்கொண்டாலும், அந்த இரு மாதத்தில் 350 மில்லிமீட்டர் பெய்தால் அதே கூரை 5,600 லிட்டர் தரும். அதாவது 5,000 லிட்டர் தொட்டியும் 20 சதுர மீட்டர் கூரையும் சரியான ஜோடி. திட்டக் கணக்கில் ‘பயனாளிக் குடும்பங்கள்’ எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிறு தொட்டிகளைப் பரவலாகக் கொடுக்கிறார்கள். பிப்ரவரியில் அந்தத் தொட்டிகள் காலி.

கூரையிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. சுந்தரவனத்து கோல்பாதா ஓலை வேய்ந்த வீட்டில் மழைநீர் பிடித்தால் பழுப்பாக இருக்கும், பூச்சியும் தூசியும் சேரும். ‘தகரக் கூரை உள்ள குடும்பம்’ என்று தகுதி விதி போட்டால், இருப்பதிலேயே ஏழைகள் முதல் வரியிலேயே வெளியேறிவிடுகிறார்கள். மூங்கில் சட்டத்தில் 8 அடி நீளத் தகரத் தகடுகள் 12-ஐ ஆணியடித்துத் தனிப் பந்தல் போட்டால் 20 சதுர மீட்டர் வரும். தொட்டியோடு அந்தச் செலவையும் திட்டத்தில் சேர்த்திருக்க வேண்டும்.

பொருத்தும்போது வரும் கோளாறுகள் சின்னவை, ஆனால் அவைதான் தொட்டியைக் கொல்கின்றன. கூரையின் முதல் கழுவல் நீர் உள்ளே போகக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் மழையை ஒதுக்கினால் 20 சதுர மீட்டருக்கு 20 லிட்டர். 4 அங்குலக் குழாய் மீட்டருக்கு சுமார் 8 லிட்டர் பிடிக்கும், ஆகவே இரண்டரை மீட்டர் நீளத்தில் அடி மூடிய குழாய் ஒன்றைத் தனியாகத் தொங்கவிட வேண்டும். அதன் அடியில் சிறு துளையோ திருகு மூடியோ இல்லையென்றால் அடுத்த மழைக்கு அது நிரம்பியே இருக்கும், வேலை செய்யாது. தகர ஓரத்தின் பீலிக்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். நடுவில் தொய்ந்தால் கொசு. தொட்டி வாயில் நைலான் வலை கட்டாயம். 5,000 லிட்டர் என்றால் 5 டன் எடை. களிமண் தரையில் செங்கல் மேடையைக் கண்துடைப்பாகப் போட்டால் ஒரு பக்கம் இறங்கி, அடிக்குழாய் இணைப்பு விரிசல் விடும். இன்னொன்று: இங்கே புயல்களில் பல மே மாதத்தில் வருகின்றன. அய்லா, 2020 ஆம்பன், 2024 ரெமால் மூன்றும் மே. அதுதான் தொட்டி காலியாக இருக்கும் மாதம். நிரம்பிய தொட்டியைக் காற்று அசைக்காது, காலித் தொட்டி பறந்துபோகும். மேடையிலேயே கொக்கி பதித்துக் கயிறு கட்ட வசதி செய்வது சொற்பச் செலவு. அது பெரும்பாலான மதிப்பீட்டுத் தாள்களில் இருப்பதில்லை.

தொட்டிக்கு மாற்றாகக் குளத்து மணல் வடிகட்டி உண்டு. குளத்து நீரைக் கைபம்பால் ஏற்றி, செங்கல் ஜல்லி வழியாகவும் அரை மீட்டர் மணல் வழியாகவும் இறக்கும் அமைப்பு. சில வாரங்களுக்கு ஒருமுறை நீர் சொட்டுவது குறையும்போது மேல் மணலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் சுரண்டிக் கழுவ வேண்டும். கிருமியைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. குளத்தில் ஒருமுறை கடல்நீர் ஏறினால் இறைத்துவிட்டு மழை கழுவும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இதைவிடப் பெரிய சிக்கல் குளம் யாருடையது என்பது. தனியார் குளமாக இருந்தால் மீன் வளர்ப்புக்குக் குத்தகை விடுவார்கள். தீனியும் எருவும் கொட்டினால் பாசி மண்டி மணல் அடைத்துக்கொள்ளும். ஆர்.ஓ. நிலையம் உப்பை எடுக்கும், ஆனால் உள்ளே விட்ட நீரில் பாதிக்கு மேல் இன்னும் உப்பாகி வெளியேறி வாய்க்காலில் சேரும். குடத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். மெம்பிரேன் மாற்றும் செலவு வரும் ஆண்டில் பல நிலையங்கள் பூட்டிக் கிடக்கும்.

இனி பணம். கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில் 2009-இல் பணக்கார நாடுகள் வாக்குறுதி தந்த ஆண்டுக்கு 10,000 கோடி டாலர், 2020-க்குள் வர வேண்டியது, 2022-இல்தான் முதன்முறையாக எட்டப்பட்டது. பொது நிதியாக வந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கடன். வங்காளதேசக் கரைகளைப் புதுப்பிக்க 2013-இல் உலக வங்கி தந்த சுமார் 40 கோடி டாலரிலும் பெரும்பகுதி சலுகை வட்டிக் கடன்தான். பிறர் உயர்த்திய கடலுக்குத் தான் கடன் வாங்கிக் கரை கட்டுவது என்ன நீதி என்று டாக்காவில் கேட்பது நியாயம். பசுமைக் காலநிலை நிதி 2018-இல் குல்னா, சாத்கிரா பெண்களின் குடிநீருக்கும் வாழ்வாதாரத்துக்கும் 2.5 கோடி டாலரை மானியமாக ஒப்புக்கொண்டது. அரசு 80 லட்சம் டாலர் சேர்த்தது. இழப்பு, சேதத்துக்கான தனி நிதியம் 2022-இல் ஷர்ம் எல் ஷேக் காலநிலை மாநாட்டில் முடிவாகி, வாக்குறுதிகள் 80 கோடி டாலர் அளவில் நிற்கின்றன. உலகம் முழுமைக்கும் சேர்த்து.

இந்தப் பெரிய எண்களுக்கு அடியில் ஒரு எண் ஒளிந்திருக்கிறது. வங்காளதேச கிராமக் குடும்பங்கள் வெள்ளத்தையும் புயலையும் சமாளிக்கத் தங்கள் கையிலிருந்து ஆண்டுக்குச் செலவழிப்பது சுமார் 200 கோடி டாலர் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தரையை உயர்த்துவது, தகரம் மாற்றுவது, இறந்த மாட்டுக்கு வேறு மாடு, அதற்கு வட்டிக்குக் கடன். பெண்கள் தலைமையில் நடக்கும் குடும்பங்களில் இந்தச் செலவின் பங்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. நிதி தருவதாகச் சொல்லப்படும் யாரையும்விட அதிகமாகத் தருகிறவர்கள் பாதிக்கப்பட்டவர்களே. ஆனால் எந்தக் கரையை எப்போது எங்கே கட்டுவது என்பதில் அவர்களுக்கு வாக்கு இல்லை. ஊராட்சி மன்றம் போன்ற யூனியன் பரிஷத்தில் தலைவர் ஒருவர், உறுப்பினர் 12 பேர், அதில் மூன்று இடம் பெண்களுக்கு, எல்லோரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கரையோ நீர் மேம்பாட்டு வாரியத்தின் சொத்து. வாரியப் பொறியாளர் பரிஷத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. டச்சு நிதியில் 2013 முதல் 22 போல்டர்களில் நடந்த புளூ கோல்ட் திட்டம் இதை ஓரளவு மாற்றியது: நீர் மேலாண்மைக் குழுக்கள் வைத்து, மண்வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக நிலமற்ற ஆண், பெண் கூலிக் குழுக்களிடம் நேரடியாகக் கொடுத்தது. கூலி ஊருக்குள் நின்றது. தன் வீட்டுக்கு மேலே நிற்கும் கரையை யாரும் அரைகுறையாக இறுக்குவதில்லை.

உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்குக் கென்யாவின் இசியோலோ மாவட்டம் நல்ல எடுத்துக்காட்டு. அங்கே காலநிலை நிதியில் 70 விழுக்காடு வார்டுக் குழுக்களின் கையில், 20 விழுக்காடு மாவட்ட அளவில், நிர்வாகத்துக்கு 10. மேய்ச்சல் சமூகங்கள் தங்கள் குழுவைத் தாங்களே தேர்ந்தெடுத்து, வறட்சிக்கால மேய்ச்சல் நிலத்துக்கு அருகே எந்தக் குட்டையை ஆழப்படுத்துவது என்று முடிவெடுத்தார்கள். சில இடங்களில் புதிதாக எதுவும் தோண்ட வேண்டாம், வெளிமாடுகள் கண்டபடி நுழைந்துவிடும் என்பதே முடிவு. எந்தப் பொறியாளரும் ‘வேண்டாம்’ என்பதற்கு மதிப்பீடு போடமாட்டார். டாக்காவிலிருந்து இயங்கிய அறிவியலாளர் சலீமுல் ஹக், 2023-இல் இறக்கும்வரை மன்றம் மன்றமாகச் சொல்லிவந்தது இதைத்தான்: பணத்தோடு முடிவும் கீழே போக வேண்டும். 2003 முதல் 2016 வரை சர்வதேசக் காலநிலை நிதியங்கள் ஒதுக்கியதில் உள்ளூர் மட்டத்துக்கென்று வைத்தது பத்து விழுக்காட்டுக்கும் குறைவு.

முடிவு மக்களிடமிருந்தே வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் விஷயம் கடினமாகிறது. ஆற்றுப் படுகை மேடானதால் 1980-களில் குல்னா, ஜெசோர் பகுதிகளின் பீல் எனப்படும் தாழ்நிலங்களில் மழைநீர் ஆண்டுக்கணக்கில் தேங்கியது. 1990-இல் டாகாதியா பீலில் மக்கள் தாங்களே கரையை வெட்டினார்கள். ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் 1994 முதல் புதிய மதகுகளும் தூர்வாரலுமாகத் திட்டம் நடந்துகொண்டிருந்தபோது, 1997 அக்டோபரில் பாய்னா பீலில் ஹரி ஆற்றின் கரையை மறுபடி வெட்டினார்கள். ஓதம் பீலுக்குள் ஏறி மண்ணை இறக்கியது. இறங்கும் நீரின் அளவு கூடியதால் அது வடியும் வேகத்தில் ஆற்றுப்படுகை அரித்து ஆழமானது. இரண்டு வியாதிக்கும் ஒரே மருந்து. மேலதிகாரிகள் சட்டவிரோதம் என்ற வேலையைத் திட்டமே பின்னர் ஏற்றுக்கொண்டு ‘ஓத ஆற்று மேலாண்மை’ என்று பெயர் வைத்தது. 2018-இல் ஒப்புதல் பெற்ற அரசின் நீண்டகாலத் திட்டமான ‘டெல்டா திட்டம் 2100’-இலும் அதற்கு இடமுண்டு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை பல. வெட்டுவாய்க்கு அருகே மண் சீக்கிரம் குவியும், கோடியில் இருக்கும் நிலம் பள்ளமாகவே கிடக்கும். ஆகவே உள்ளே குறுக்குக் கரை போட்டுப் பகுதி பகுதியாக நிரப்பவோ வெட்டுவாயை இடம் மாற்றவோ வேண்டும். ஒரு பீல் நிரம்பும்போது அடுத்த பீல் தயாராக இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் ஆறு ஓரிரு ஆண்டில் மறுபடி தூர்ந்துவிடும். இதெல்லாம் பொறியாளருக்குத் தெரிந்த கணக்கு. கடினமான கணக்கு வேறு: ஒரு பீல் மூன்று முதல் ஐந்து ஆண்டு தண்ணீருக்குள் கிடக்கும். பயன் ஆற்றங்கரை முழுமைக்கும், பட்டினி அந்த ஒரு பீல்காரர்களுக்கு. இழப்பீடு தருவதாகத்தான் சொன்னார்கள். அதைப் பெறத் தன் பெயரில் பட்டா மாறியிருக்க வேண்டும், நிலவரி ரசீது வேண்டும், தகப்பன் இறந்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும். இந்துக் குடும்பங்கள் நிறைய வாழும் பகுதி இது. 1965 போருக்குப்பின் ‘எதிரிச் சொத்து’ என்று எழுதப்பட்டு, பின்னர் ‘அரசுவசமான சொத்து’ என்று பெயர் மாறிய நிலங்களுக்கு இன்றும் காகிதம் நேராகவில்லை. குக்சியா பீலில் மிகச் சிலர் மட்டுமே இழப்பீடு வாங்க முடிந்தது. அந்த அனுபவம் பரவியதால், 2012-இல் கபாலியா பீலில் வேலை தொடங்கப் போனபோது மக்கள் எதிர்த்துக் கலவரமாயிற்று. பிழைப்பைக் கேட்டவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று எழுதியது எளிதாக இருந்தது. பிறகு கபோதாக்ஷ ஆற்றை ஒட்டிய பாக்கிமாரா பீலில் இழப்பீட்டுக்குத் தனி ஒதுக்கீட்டோடு வெட்டினார்கள். ஆறு பிழைத்தது, பணம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் தாமதம்.

தாமதத்தைக் குறைக்க வழி தெரியாமல் இல்லை. கரை வெட்டும் முந்தைய வறட்சிக்காலத்திலேயே வருவாய் அலுவலர் பீலின் ஓரத்தில் உட்கார்ந்து பட்டா மாற்றி முடிக்கலாம். இழப்பீட்டை மொத்தமாக இல்லாமல் ஒவ்வோர் ஆண்டும் நாற்று நடும் காலத்தில் தரலாம். முதல் தவணை கையில் வந்தபின் வெட்டலாம். ஆனால் விளைச்சலில் பங்குக்கு, அதாவது வாரத்துக்கு, உழுகிற பர்காதார்கள் இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. நிலம் அவர்கள் பெயரில் கிடையாது, பறிபோவதோ அவர்கள் உழும் வயல். வங்காளதேசத்தின் 1984-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்த அவசரச் சட்டம் வாரக் குத்தகையை எழுத்தில், ஐந்து ஆண்டுக்குப் போட வேண்டும் என்றது. ஊரில் யாரும் எழுதுவதில்லை. நிலக்காரர் விரும்பமாட்டார், பர்காதார் கேட்கத் துணியமாட்டார். ஒரு சாகுபடிப் பருவத்தில் யூனியன் பரிஷத் உறுப்பினர்கள் வயல்வயலாகப் போய், நிற்கும் பயிரை வைத்து யார் உழுகிறார்கள் என்று எழுதிவிட முடியும். ஐந்நூறு, அறுநூறு ஹெக்டேர் பீலுக்கு அது சில வார வேலை. மண் வெட்டும் ஒப்பந்தப்புள்ளியில் கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலை இருக்கிறது. இந்தப் பதிவுக்கு ஒரு வரி கூட இல்லை.